மலை மேல் போய்க் குடியிருக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கேள்வி:
ஸ்தோத்திரம். நானும் மனைவியும் ஜார்கண்டில், சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் மால்டோ பழங்குடி மக்கள் நடுவே ஊழியம் செய்கிறோம். குடியிருப்பது கீழே டவுனில், வாடகை வீடு. பைக்கில் மேலே போய்க் கூட்டம் நடத்திவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவோம். போன வாரம் ஊர்த் தலைவர், "நாங்கள் காட்டிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள்" என்றார். மேலே ஒரு குடிசை காலியாக இருக்கிறதாம், வந்து இருக்கச் சொல்கிறார். எனக்குப் போக ஆசை. மனைவிக்குக் கைப்பிள்ளையை நினைத்துப் பயம். காலா அசார் என்கிற கருங்காய்ச்சல், மலேரியா இரண்டும் உள்ள இடம். என்ன செய்யலாம்?

பதில்:
தம்பி, அதே ராஜ்மகால் மலையில் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. அதை விசுவாசக் குறைவு என்று யாரையும் பேசவிடாதீர்கள்.

காலா அசாரைப் பரப்புவது மணல் ஈ. கொசுவைவிடச் சிறியது, சாதாரணக் கொசுவலைக்குள் புகுந்துவிடும். கண் நெருக்கமான வலை வேண்டும். மண்சுவர் வெடிப்பிலும் தொழுவத்து ஈரத்திலும்தான் அது தங்கும், அதனால் குடியேறும் முன்பே சுவரை உள்ளும் புறமும் பூசி மெழுகிவிடுங்கள். கூலி ஆள் வேண்டாம். அந்த ஊர்ப் பெண்கள் சுவர் மெழுகும் அழகே தனி. உங்கள் மனைவி அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். காய்ச்சல் இரண்டு வாரம் தாண்டினால் அரசு ஆஸ்பத்திரியில் காலா அசாருக்குப் பாருங்கள், மருந்து இலவசம். மலேரியாவுக்கு அப்படிக் காத்திருக்கவே கூடாது. அங்கே மூளையைத் தாக்குகிற வகை உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட அன்றே ரத்தம் பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் தண்ணீர். ஊர் உச்சியில், ஊற்று சரிவில். உங்களுக்கு மட்டும் வண்டியில் கேன் ஏற்றாதீர்கள். நான் விடியற்காலையில் பெண்களோடு குடம் எடுத்துப் போவேன். யார் வீட்டு பர்பட்டி (தட்டைப்பயறு) விளைச்சல் மகாஜனிடம், அதாவது வட்டிக்காரரிடம், முன்கூட்டியே அடகு போயிருக்கிறது, யார் சாப்பிடாமல் கிடக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஏற்றத்தில்தான் காதில் விழும். ஒரு நாள் ஒருத்தி பாதி வழியில் குடத்தை இறக்கிவிட்டு, இடது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு நின்றாள். தொட்டுப் பார்த்தேன், மண்ணீரல் அவ்வளவு வீங்கியிருந்தது. கிளினிக் பக்கமே வராதவள். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்கு வந்தாள், பிழைத்தாள். டவுனில் குடியிருந்தால் அவளை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

பதில்:
பிரதர், ஒன்றே ஒன்று. அன்பாக நிலமே எழுதித் தருகிறோம் என்பார்கள், வாங்காதீர்கள். 1949-ஆம் வருட சந்தால் பர்கனா குத்தகைச் சட்டம் பழங்குடி நிலத்தை வெளியாட்கள் கைக்குப் போகவிடாது, அது அவர்களுக்கு அரண். குடிசை அவர்களுடையதாகவே இருக்கட்டும், நீங்கள் விருந்தாளியாக இருங்கள்.

பதில்:
நான் இடையன்குடிப் பக்கம். கால்டுவெல் ஐயர் 1841-இல் எங்கள் தேரிக்காட்டுக்கு வந்து பல பத்தாண்டுகள் இங்கேயே வாழ்ந்தார். அவர் மனைவி எலிசா அம்மா நாகர்கோவில் மிஷனரியின் மகள், நன்றாகத் தமிழ் பேசுவார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவர்கள் செய்ததை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அதே ஐயர் 1849-இல் எங்கள் சமூகத்தைத் தாழ்த்தி ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் காயம் ஆற வெகுகாலம் ஆயிற்று. பக்கத்திலேயே குடியிருந்தவருக்கும் அப்படி எழுத முடிந்திருக்கிறது. அதனால் தம்பி, நீங்கள் உங்கள் ஊழியத்தைத் தாங்குகிறவர்களுக்கு மாதாமாதம் அனுப்பும் ஜெபக் கடிதத்தை முதலில் ஊர்த் தலைவருக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கிற வரியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, மனைவியும் படித்தாள். மழைக்காலத்திலேயே போகலாமா என்று கேட்கிறாள்.

பதில்:
வேண்டாம்மா, ஈரத்தில் பூச்சு நிற்காது. மழை ஓய்ந்து அக்டோபர் கடைசியில் பூசுங்கள், நன்றாகக் காயட்டும். அதுவரை வாரத்தில் ஓர் இரவாவது உங்கள் வீட்டுக்காரர் மட்டும் மேலே தங்கட்டும்.