ஆடித் தள்ளுபடியும் அட்சய திருதியையும்: வாங்க வைப்பது விழுமியமா, விளம்பரமா?

கேள்வி:
ஆடியில் திருமணமோ புதுமனை புகுவிழாவோ வைக்காத தமிழ்நாட்டில், அதே மாதத்தில்தான் ஜவுளிக்கடைகளில் கூட்டம் அலைமோதுகிறது. வணிகம் மக்களின் விழுமியத்தைப் பின்பற்றுகிறதா, அல்லது அதைத் தானே உருவாக்குகிறதா?

மறுமொழி 1:
ஆடியில் விலக்கப்படுவது சடங்குதானே தவிர, கொள்முதல் அன்று. முகூர்த்தங்கள் இல்லாததால் மந்தமாகும் விற்பனையை ஈடுகட்டவும், தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழைய இருப்பைக் கழிக்கவும் கடைக்காரர்கள் தள்ளுபடி தருகிறார்கள். ஆவணியில் திருமணம் வைத்திருக்கும் குடும்பத்துக்கோ, சிக்கனமும் ஒரு விழுமியமே என்பதால், அந்த நேரம் தோதாக அமைந்துவிடுகிறது. தி.நகரில் அந்த நாட்களில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மறுமொழி 2:
அட்சய திருதியை வேறு வகை. தானத்துக்கும் நற்செயல்களுக்கும் உரியதாகக் கருதப்பட்ட நாளைத் தங்கம் வாங்கியே தீரவேண்டிய நாளாகத் தமிழ்நாட்டில் பரப்பியதில் நகைக்கடை விளம்பரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் தங்கம் பெண்ணின் சொந்த உடைமை, அவசரத்துக்கு அடகு வைக்க உதவும் சேமிப்பு என்ற எண்ணம் முன்பே ஆழமாக வேரூன்றியிருக்காவிட்டால், ஒரு கிராம் நாணயத்துக்காக யாரும் வெயிலில் வரிசையில் நின்றிருக்கமாட்டார்கள். விளம்பரம் நாளைக் குறித்துக் கொடுத்தது. ஆசையை அது படைக்கவில்லை என்பதே என் கருத்து.

மறுமொழி 3:
விழுமியத்துக்கு வணிகம் முழுமையாகப் பணிந்த எடுத்துக்காட்டும் உண்டு. 1996இல் டெல்லியில் கடை திறந்த மெக்டொனால்ட்ஸ், தன் அடையாளமான மாட்டிறைச்சியையே கைவிட்டு, சைவ உணவுக்குத் தனிச் சமையல் பகுதியும் அமைத்தது.