புதுப்பிப்பு: நெல்லையிலிருந்து ஜப்பான், வந்து சேர்ந்தாயிற்று

பள்ளி ஆசிரியர் பயிற்சிக்காக ஜப்பான் போகிறேன், தூத்துக்குடி வழியா, மதுரையா, திருவனந்தபுரமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? கடைசியில் திருவனந்தபுரம்தான். ஆரல்வாய்மொழி தாண்டி காரில் போய், இரவு விமானத்தில் சிங்கப்பூர், காலையில் அங்கிருந்து டோக்கியோவுக்கான நாரிட்டா விமான நிலையம். "வாகைக்குளத்தில் (தூத்துக்குடி விமான நிலையம்) ஏறி சென்னையில் மாறு" என்ற அண்ணாச்சிக்கு நன்றி. எனக்கு ஒரு தடவைக்கு மேல் விமானம் மாறத் தெம்பு இல்லை.

முதல் விமானத்தில் தூக்கமே இல்லை. இரண்டாவது சுமார் ஏழு மணி நேரம், அதில் பாதி தூங்கியே போனது. ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுவதால் மாலை வெளிச்சமெல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது.

அல்வாவை விமானத்தில் கொண்டுபோக முடியுமா என்று எல்லாரும் கேட்ட விஷயம்: பெரிய பெட்டியில் போட்டேன், பிரச்சினை இல்லை. கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி விதியை (திரவம், கூழ் போன்றவை அதற்கு மேல் கூடாது) சொல்லி நிறுத்தலாம். அம்மா கட்டிக்கொடுத்த பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டேன். தாவரச் சான்றிதழ் இல்லாமல் அதை உள்ளே விடமாட்டார்கள். இறைச்சி வகைகளுக்கும் கெடுபிடிதான். குடியேற்றம், சுங்கம் இரண்டுக்கும் 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் முன்பே பதிந்து கியூஆர் கோடு எடுத்து வைத்தது பெரிய உதவி.

நாரிட்டா டோக்கியோ நகருக்குள் இல்லை, சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. ரயில் உண்டு.

சைவக்காரர்களே, அப்புறம் ஒன்று: மிசோ சூப்பில் (சோயா விழுது கரைத்த ஜப்பானிய சூப்) பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். கேட்டுவிட்டுக் குடியுங்கள்.