விசார்ட், சார்சரர், வார்லாக்: மூவரையும் ‘மந்திரவாதி’ என்றால் எப்படி?

எல்லோருக்கும் வணக்கம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு) வகுப்புகளுக்கு, அதாவது பாத்திர வகைகளுக்கு, தமிழ்ப் பெயர் தேடி மதுரை அண்ணன் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். விசார்டுக்கு மந்திரவாதி, சார்சரருக்கு மாயாவி, வார்லாக்குக்குச் சூனியக்காரர். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் மூன்றையும் இடம் மாற்றிப் போட்டாலும் அதே அகராதி தலையாட்டும், அதுதான் சிக்கல். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தீப்பந்து மந்திரத்தை விசார்டும் போடலாம், சார்சரரும் போடலாம், நரகத்து ஆசாமியிடம் ஒப்பந்தம் போட்ட வார்லாக்கும் போடலாம். மூவருக்கும் வித்தியாசம் அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது, எப்படிச் செலவாகிறது, எப்போது திரும்புகிறது என்பதில்தான் இருக்கிறது. பெயரையும் அங்கிருந்தே எடுப்போம் என்பது என் கட்சி.

1974-இல் வந்த முதல் பதிப்பில் மந்திரம் போட மேஜிக் யூசர் என்று ஒருவரும், பக்கத்தில் தெய்வத்தின் பெயரால் மந்திரம் போடும் கிளெரிக்கும்தான். அதோடு நின்றிருந்தால் ‘மந்திரவாதி’ தாராளமாகப் போதும். சார்சரர் 2000-இல், மூன்றாம் பதிப்பில்தான் தனி வகுப்பானார். வார்லாக் 2004-இல் ஒரு துணைநூலில் வந்து, 2008-இல் நான்காம் பதிப்பின் முதன்மை விதிநூலுக்குள் நுழைந்தார். அதாவது ஆங்கிலத்திலும் ஏறக்குறைய ஒரே பொருளில் புழங்கிய சொற்களைப் பிரித்துத் தனித்தனி வேலை கொடுத்தது இந்த விளையாட்டுதான். அதை நாமும் செய்யலாமே.

விசார்ட் படித்து வந்தவர், அறிவுக்கூர்மைதான் அவருடைய பலம். முதல் நிலையில் (லெவலில்) ஆறு மந்திரங்களோடு ஒரு சுவடி, பிறகு ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு சேரும். வழியில் வேறு சுவடி கிடைத்தால் நகலெடுக்கலாம், மந்திரத்தின் படி (அதன் லெவல்) ஒன்றுக்கு 2 மணி நேரமும் 50 பொன்னும் ஆகும் (நாங்கள் ஆடுவது 2014 விதிநூல், கணக்கெல்லாம் அதன்படி). சுவடி தொலைந்தால் ஆள் பாதி காலி. ஆகவே ‘சுவடியர்’ என்கிறேன். ஒருவர் ‘ஏட்டர்’ என்று எழுதியிருந்தார், பொருள் அருமைதான், ஆனால் காரைக்குடியில் அதைச் சொன்னால் ஸ்டேஷன் ஏட்டையாதான் நினைவுக்கு வருவார். ‘மந்திரர்’ வேண்டவே வேண்டாம், அவசரத்தில் மந்திரி ஆகிவிடும்.

சார்சரர் எதையும் படிக்கவில்லை. டிராகன் வம்சமோ கட்டுக்கடங்காத மாயமோ, உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ஈர்ப்பாற்றலை (கரிஸ்மா) வைத்துத்தான் மந்திரம். ஐந்தாம் நிலையில் சுவடியரின் ஏட்டில் குறைந்தது 14 மந்திரம் இருக்கும்போது இவருக்குத் தெரிந்தது ஆறே ஆறு. ஆனால் அந்த ஆறை இழுக்கலாம், இரட்டிக்கலாம், வாய் திறக்காமல் போடலாம். ‘பிறவியர்’ என்று முதலில் யோசித்தோம். “அதுவா? அது ஒரு பிறவி!” என்று எங்கள் குழுவில் ஒருவர் முகத்தைச் சுளித்துச் சொல்லிக் காட்டியதும் கைவிட்டோம். சக்தி உள்ளேயிருந்தே ஊறுவதால் ‘ஊற்றர்’ எனக்குப் பிடித்திருக்கிறது. மந்திரத்தை இப்படி வளைக்கும் மெட்டாமேஜிக் அப்போது திரிப்பு, அதற்குச் செலவாகும் சார்சரி பாயின்ட் ஊற்றுப் புள்ளி.

வார்லாக்தான் தகராறு. ‘சூனியக்காரர்’ என்பதை நான் ஒப்பமாட்டேன். நம் பக்கத்தில் அது இன்றும் நிஜ மனிதர்கள்மேல், அதிலும் ஆதரவற்ற கிழவிகள்மேல், சுமத்தப்படுகிற பழி. விளையாட்டிலும் பொருந்தவில்லை; வார்லாக் யாருக்கும் சூனியம் வைப்பவர் இல்லை, தன்னைவிடப் பெரிய ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுச் சக்தி வாங்கியவர். தேவகோட்டை ஆச்சி உடனே ‘அடுத்தாள்’ என்றார்கள். செட்டிநாட்டுக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் காலத்தில் பர்மா, மலேயாவுக்குக் கொண்டுவிக்கப் (கடல் கடந்து தொழில் செய்யப்) போனவர்களின் கடையில் சம்பளத்துக்கு இருந்த உதவியாள். போட்ட முதல் முதலாளியுடையது, உழைப்பு இவருடையது, கணக்கு ஒப்பித்தாக வேண்டும். கச்சிதம்! பேட்ரனுக்கு (வார்லாக்குக்குச் சக்தி கொடுக்கும் அந்தப் பெரிய ஒன்றுக்கு) ‘முதலாளி’ என்பதும் கூடவே கிடைத்துவிடுகிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ அடுத்தாள் என்றால் அடுத்து ஆட வேண்டிய ஆள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், மேசையில் தினமும் குழப்பம் வரும். அதனால், மனசில்லாமல்தான், ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்டவர் என்ற பொருளில் ‘பிணையர்’ என்று முன்மொழிகிறேன். ‘முறியர்’ என்றும் ஒரு யோசனை வந்தது. முறி என்றால் பத்திரம் என்பது இப்போது எத்தனை பேருக்குத் தெரியும், எலும்பு முறிவு என்றுதான் கேட்கும்.

அப்புறம் லெவல். கதாபாத்திரத்துக்கும் லெவல், மந்திரத்துக்கும் லெவல், புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். தமிழில் இதைச் சுலபமாகத் தீர்க்கலாம்: ஆளுக்கு நிலை, மந்திரத்துக்குப் படி. ஐந்தாம் நிலைச் சுவடியர் மூன்றாம் படி மந்திரம் போடுகிறார், அவ்வளவுதான். ஸ்பெல் ஸ்லாட்டுக்கு ‘துளை’, ‘இடம்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அது மந்திரம் போடும்போது ஒவ்வொன்றாகச் செலவாகி, ஓய்வெடுத்தால் திரும்ப வருகிற சமாச்சாரம், ‘இருப்பு’ என்றே வைக்கலாம். ஐந்தாம் நிலையில் சுவடியருக்கும் ஊற்றருக்கும் ஒன்பது இருப்பு, எட்டு மணி நேரம் முழு ஓய்வெடுத்தால்தான் எல்லாம் நிரம்பும். பிணையருக்கு இரண்டே இரண்டு, ஆனால் இரண்டுமே மூன்றாம் படி, ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே திரும்பிவிடும். அவர் ஏன் எப்போதும் “கொஞ்சம் உட்காருவோமா” என்று கேட்கிறார் என்பது இப்போது புரியும்.

பாட்டால் மந்திரம் போடும் பார்டுக்குப் பாணர், அதில் யாருக்கும் சண்டை இல்லை. கிளெரிக்குக்குப் பூசாரி சரிதான், கவசம் போட்ட பூசாரி என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், எங்கள் காவல் தெய்வத்துப் பூசாரிகள் அரிவாளோடுதான் நிற்பார்கள். பாலடின் சத்தியம் செய்துவிட்டு வாளெடுப்பவர், ‘சூள்மறவர்’ எப்படி?

இயற்கையின் சக்தியால் மந்திரம் போட்டு, விலங்காகவும் மாறும் ட்ரூயிடுக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. ‘கானவர்’ குறிஞ்சி நிலத்து மக்களின் பெயர், அதை எடுத்து இங்கே ஒட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ‘வேலன்’ முருகனுக்கு வெறியாடுபவர், இரண்டாம் நிலையிலேயே ஓநாயாக மாறுகிறவருக்கு அது எப்படிப் பொருந்தும்? ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தான் வீட்டுப் பட்டாலையில் அடுத்த ஆட்டம், புதிய சொற்களோடு பாத்திரத் தாள் அச்சடிக்கப் போகிறேன். மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். ட்ரூயிட் கட்டத்தை இப்போதைக்கு வெறுமனே விட்டிருக்கிறேன்.