ஒன்றேகால் வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல்: டிராப்ஸா, சிரப்பா, எத்தனை மில்லி?

கயல் அம்மா (உடுமலை):

மகளுக்கு ஒன்றேகால் வயது. அங்கன்வாடியில் கடைசியாக எடை பார்த்தபோது 9 கிலோ. நேற்று மாலையிலிருந்து காய்ச்சல். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 101.6 காட்டுகிறது. லேசாக மூக்கு ஒழுகுகிறது, வேறொன்றும் தெரியவில்லை. வீட்டில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. மூன்றரை மாதத் தடுப்பூசியின்போது வாங்கிய பாராசிட்டமால் டிராப்ஸ் பாதி மிச்சம். இன்னொன்று, நாத்தனாரின் ஆறு வயது மகனுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப். எதைக் கொடுத்தாலும் 5 மில்லிதானே? மாமியார் கம்பளி போர்த்தி வியர்க்க வைக்கச் சொல்கிறார். கீழ் வீட்டு அக்கா ஐஸ் தண்ணீரில் துணி நனைத்துப் போடச் சொல்கிறார். கணவர், பல் முளைக்கிற காய்ச்சல்தான், தானாகப் போய்விடும் என்கிறார். இன்று ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான டாக்டரும் இல்லை. யார் பேச்சைக் கேட்பது?

ஓய்வுபெற்ற செவிலி (மதுரை):

மூவர் பேச்சையும் விடுங்கள். முதலில் அந்த டிராப்ஸைக் குப்பையில் போடுங்கள். திறந்து இத்தனை மாதமான மருந்து என்பது ஒரு பக்கம். பெரிய காரணம் வேறு. நம் கடைகளில் விற்கும் டிராப்ஸில் பெரும்பாலும் 1 மில்லிக்கு 100 மி.கி. மருந்து இருக்கும். அதில் 5 மில்லி கொடுத்தால் 500 மி.கி., பெரியவர்கள் போடும் முழு மாத்திரை! அதையே வேளாவேளைக்குக் கொடுத்தால் குழந்தையின் கல்லீரல் தாங்காது. குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த காலமெல்லாம் "எத்தனை மில்லி கொடுத்தீர்கள்?" என்று நான் கேட்டதே இல்லை. "பாட்டிலைக் கொண்டுவந்தீர்களா?" என்றுதான் கேட்பேன்.

கணக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் மகளுக்கு ஒரு வேளைக்கு 90 முதல் 135 மி.கி. சிரப்பின் லேபிளைப் படியுங்கள். 5 மில்லியில் 120 அல்லது 125 மி.கி. என்றிருந்தால் 5 மில்லி. 250 மி.கி. என்றிருந்தால் 2.5 மில்லி. ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சமையலறைக் கரண்டியில் அளக்காதீர்கள். மருந்துக் கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் கேட்டால் தருவார்கள்.

கம்பளி வேண்டாம், மெல்லிய பருத்திச் சட்டை போதும். ஐஸ் கூடவே கூடாது: குழந்தைக்கு நடுக்கம் வரும், நடுங்கினால் உள்சூடு ஏறும். பல் முளைத்தால் 101 டிகிரி வராது என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மருந்து கொடுத்தும் 98.6-க்கு இறங்கவில்லையே என்று பதற வேண்டாம். ஒன்றிரண்டு டிகிரி குறைந்து, குழந்தை சிரித்து, பால் குடித்து, பொம்மையை இழுத்தால் போதும். தூங்குகிறவளை மருந்துக்காக எழுப்பவும் வேண்டாம். தெர்மாமீட்டரைவிடக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள்: எழுப்ப எழுப்பத் துவண்டு விழுவது, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழிவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருப்பது, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். இந்த வயதில் நிமிடத்துக்கு 40 மூச்சோ அதற்கு மேலோ இருந்தாலும் காட்டிவிட வேண்டும். அவள் தூங்கும்போது முழு நிமிடம் எண்ணுங்கள். மூன்று மாதம் நிறையாத பச்சிளம் குழந்தைக்கு 100.4 வந்தாலே நேராக ஆஸ்பத்திரிதான், வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை.

இரட்டையர் அப்பா (தஞ்சாவூர்):

எங்கள் வீட்டில் மெஃபனமிக் அமிலம் சிரப்தான். பாராசிட்டமாலைவிடச் சீக்கிரம் இறங்கும். கையில் இருந்தால் கொடுத்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி (மதுரை):

ஐயா, மழை விட்டு விட்டுப் பெய்யும் இந்த நாளில், என்ன காய்ச்சல் என்று தெரியாத குழந்தைக்கு அதைச் சொல்லாதீர்கள். டெங்குவாக இருந்தால் அந்த மருந்தும் இபுபுரூஃபனும் இரத்தக் கசிவைக் கூட்டும். ஆஸ்பிரினும் கூடாது. நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2011-லேயே அரசு தடை விதித்துவிட்டது. பழைய பாட்டில் பீரோவில் கிடந்தால் எறியுங்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் வரும். சூடு விட்டதே என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும்போது வயிற்றுவலி, வாந்தி, கை கால் சில்லிடுவது தொடங்கும். அதனால் கயல் அம்மா, நாளையும் காய்ச்சல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

முல்லை (திண்டுக்கல்):

என் மகனுக்கு இதே வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டியது. பக்கத்து வீட்டார் வாயில் கரண்டி வைக்க ஓடி வந்தார்கள், கையில் சாவியும் திணிக்கப் பார்த்தார்கள். என் தம்பிதான் தடுத்து, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிறிது நேரத்தில் தானாக நின்றது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும், முதல் முறை வந்தால் நின்ற பிறகும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை சில குழந்தைகளுக்கு இப்படி வருமாம். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், ஒரு குறையும் இல்லை. பயமுறுத்த எழுதவில்லை, வந்தால் கரண்டியைத் தேட வேண்டாம் என்பதற்காகத்தான்.

கயல் அம்மா (உடுமலை):

நன்றி அக்கா. சிரப் லேபிளில் 250 என்றுதான் இருக்கிறது. நல்லவேளை கேட்டேன். 2.5 மில்லி சிரிஞ்சில் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் முழுவதையும் கக்கிவிட்டாள். இப்போது மறுபடி கொடுக்கலாமா, ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற செவிலி (மதுரை):

அரை மணிக்குள் கக்கினால் அதே அளவை இன்னொரு முறை கொடுக்கலாம். அரை மணி தாண்டியிருந்தால் அடுத்த வேளைதான். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, தொண்டைக்குள் பீய்ச்சாமல் கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அதையும் கக்கி, பாலும் தங்கவில்லை என்றால் இன்றைக்கே கிளம்பிவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமையும் டாக்டர் இருப்பார். பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.