லெப்டொப் களவு போனாலும் உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாமல் செய்ய உதவி தேவை

களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் தினமும் லெப்டொப்போடு போய் வருகிறேன். கடன் எடுத்த பெண்களின் அடையாள அட்டைப் படங்கள், வங்கிக் கணக்கு விபரங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கூட வேலை செய்யும் தங்கச்சியின் பை போன மாதம் களவு போனதிலிருந்து பயமாக இருக்கிறது. விண்டோஸ் பாஸ்வேர்ட் மட்டும் காணாது, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் எல்லாக் கோப்பும் திறக்கும்.

விண்டோஸ் 11 ஹோம், 8ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 256 ஜிபி எஸ்எஸ்டி. ஹோமில் முழு பிட்லொக்கர் (டிஸ்க் முழுவதையும் பூட்டும் விண்டோஸ் வசதி) இல்லை, சரி. ஆனால் அதன் எளிய வடிவமான டிவைஸ் என்கிரிப்ஷனும் செட்டிங்ஸில் வரவில்லை, டிபிஎம் 2.0 (பூட்டுச் சாவியைக் காக்கும் சிப்) வேலை செய்கிறது, செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் அமைப்பு) போட்டிருக்கிறேன், அப்படியிருந்தும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பிசிஆர்7 பைண்டிங் (சாவியை செக்யூர் பூட் நிலையோடு இணைப்பது) முடியாது என்றே காட்டுகிறது.

அப்புறம் வெராகிரிப்ட் என்ற இலவச பூட்டும் மென்பொருளில் சி டிரைவை முழுதாகப் பூட்டப் பார்த்தேன். ரீஸ்டார்ட் ஆகும்போது பாஸ்வேர்ட் கேட்கும் கறுப்புத் திரை வராமல் நேரே விண்டோஸுக்குள் போய், பிரீடெஸ்ட் (பூட்டுவதற்கு முன் செய்யும் சோதனை) தோல்வி என்கிறது. செக்யூர் பூட்டை நிறுத்தியும், பயோஸ் அப்டேட் செய்தும் அதே கதைதான். வெராகிரிப்ட்டின் தனிப் பெட்டகக் கோப்பு (உள்ளே வைப்பதை மட்டும் பூட்டும் கோப்பு) மட்டும் வேலை செய்கிறது, ஆனால் வாட்ஸ்அப்பில் இறங்கும் படங்கள் சி டிரைவில்தானே கிடக்கின்றன.

முழு பிட்லொக்கர் உள்ள விண்டோஸ் புரோவுக்குக் காசு கட்டாமல், வெராகிரிப்ட் பூட்லோடர் (கணினி தொடங்கும்போது பாஸ்வேர்ட் கேட்கும் சிறு நிரல்) முதலில் எழும்பும்படி செய்த யாராவது இருந்தால் எப்படி என்று சொல்வீர்களா?