சந்திக்கு எந்தச் சுத்திகரிப்பு நிலையம் பொருந்தும்?

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஏ9 வீதியோரமாகக் கடைகளும் வீடுகளும் நெருங்கி வளர்ந்துவிட்ட நமது சந்திக்கு, வெளிநாடுகளில் இருப்பது போன்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைச் சங்கம் அமைத்துக் கொடுக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் பேசப்பட்டது. அத்தகைய நிலையமொன்றில் பல வருடங்களாக இரவு வேலை செய்பவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லாமல் மறுப்பது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் நிலையம், நிலத்தடிக் குழாய்களில் ஓயாமல் வந்து சேரும் கழிவுநீரை நம்பியிருப்பது. தொட்டிகளுக்குள் இரவு பகலாகக் காற்றை ஊதி, கழிவைத் தின்னும் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். 1914 இல் மான்செஸ்டரில் ஆர்டன், லொக்கெற் என்ற இருவர் வெளியிட்ட முறைதான் இது. மின்சாரம் நீண்ட நேரம் நின்றுவிட்டால் தொட்டி நாறத் தொடங்கும். பழைய நிலைக்குக் கொண்டுவர நாட்கள் எடுக்கும். அந்த மின்கட்டணத்தை மாதாமாதம் யார் கட்டுவது என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய தடை, நம் சந்தியில் அப்படிக் குழாய்களே இல்லை என்பது. வீட்டுக்கொரு மலசலகூடக் குழி. அது நிரம்பினால் பவுசர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று ஊரில் கேட்டேன்; காட்டுப் பக்கம் கையைக் காட்டினார்கள். வீட்டுக் கழிவுநீரின் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவைத் தின்னப் பற்றீரியாக்களுக்கு வேண்டிய ஒட்சிசன், லீற்றருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். பவுசர் ஏற்றிச் செல்லும் சேற்றிலோ அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆற்றிலோ குளத்திலோ விடப்படும் நீரில் இது 30 ஐத் தாண்டக்கூடாது என்பது இலங்கையின் நியமம்.

மார்கழியில் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் குனிந்து கையால் அள்ளுமளவுக்கு ஏறி நின்றது. பின்வளவுக் குழியின் கொங்கிறீற் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். அதற்குள்ளும் தண்ணீர் ஏறக்குறைய அதே மட்டம். இரண்டுக்கும் இடையே அடிவைத்து அளந்தேன், முப்பத்தெட்டு அடி. ஐம்பதடி வேண்டும் என்பது தெரிந்த விதிதான். ஆனால் வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தபின் ஐம்பதடிக்கு எங்கே போவது? "கொதிக்க வைச்சுத்தானே தம்பி குடிக்கிறம்" என்றார் சித்தி. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். குழியிலிருந்து ஊறிவரும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, மாப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளை எண்ணியே.

ஆகவே நமக்குப் பொருந்துவது, பவுசர் சேற்றை மணற்படுக்கையில் காயவைத்து, வடியும் நீரை அடுத்தடுத்த குளங்களில் விடும் முறை. முதலாவது குளம் ஆழமானது, காற்றில்லாமலே கழிவு அதில் செரிக்கும். அடுத்தவை ஒன்று, ஒன்றரை மீற்றர் ஆழந்தான். வெயிலில் பாசி வளர்ந்து ஒட்சிசனைத் தானே கொடுக்கும். மின்சாரம் அநேகமாகத் தேவைப்படாது. குளக்கட்டும், நீரைத் திறந்துவிடும் துருசும் வன்னி மக்களுக்குப் புதியவையல்ல. நிலம் நிறைய வேண்டும் என்பது உண்மை. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் மழைக்குக் காயவைக்கும் படுக்கைகளின் மேல் கூரை போடாவிட்டால் எல்லாம் மறுபடி சேறாகும் என்பதும் உண்மை. காய்ந்த சேற்றிலும் குடற்புழு முட்டைகள் பல மாதம் உயிரோடிருக்கும் என்பதால், அதை உடனே மரக்கறித் தோட்டத்துக்கு அள்ளிப்போட விடக்கூடாது.

நிலம் ஒதுக்குவதும் நடத்துவதும் பிரதேச சபையின் வேலை. சங்கம் இப்போதைக்கு, சந்தியைச் சுற்றியுள்ள பத்துக் கிணறுகளின் நீரை ஆவணியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் செலவை மட்டும் ஒதுக்கும்படி கேட்கிறேன். முதலாவதாகச் சித்தப்பாவின் கிணற்றை எடுக்கலாம். அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டேன்.