மைதானத்தில் பூர்வகுடிகள்: கைதட்டலும் ஊளையும், நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

மெல்பர்ன்வாசி:

நெடுநாளாக மண்டையைக் குடையும் விஷயம் இது. ஆஸ்திரேலியாவில் எந்தப் பெரிய மேட்ச் என்றாலும் முதலில் வெல்கம் டு கன்ட்ரி உண்டு. அந்த மண்ணுக்குரிய பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் வந்து வரவேற்பார். டிட்ஜெரிடூ ஊதுவார்கள், இலைப்புகை போடுவார்கள், உடம்பில் வெள்ளை மண் பூசிய இளைஞர்கள் ஆடுவார்கள். கூட்டம் கைதட்டும், கேமரா சுற்றிச் சுற்றிக் காட்டும். எல்லாம் சரி. ஆனால் அதே பூர்வகுடியைச் சேர்ந்த ஆட்டக்காரர், யாரும் ஆடச் சொல்லாத நேரத்தில், தானாக ஓர் ஆட்டம் ஆடினால் என்ன நடக்கும்?

நடந்ததை டிவியில் பார்த்தேன். 2015 மே 29, வெள்ளிக்கிழமை இரவு, சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் சிட்னி ஸ்வான்ஸுக்கும் கார்ல்டனுக்கும் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய விதி ஃபுட்பால். பூர்வகுடிகளைக் கௌரவிக்கவென்றே லீக் ஒதுக்கிய சுற்று அது. ஸ்வான்ஸின் பூர்வகுடி வீரர் ஆடம் குட்ஸ் கோல் போட்டார், எதிரணி ரசிகர்கள் பக்கம் திரும்பிப் போர் நடனம் போல நாலைந்து அடி வைத்தார், கையில் இல்லாத ஈட்டியை எறிவது போல ஒரு பாவனை. சில நொடிகள்தான். மறுவாரம் முழுக்க ரேடியோவிலும் டிவியிலும் இதே பேச்சு. 'ரசிகர்களை மிரட்டினார்' என்று கூடச் சொன்னார்கள்.

குட்ஸைப் பார்த்துக் கூட்டம் ஏன் ஊளையிடுகிறது என்று ஆபீசில் ஒருவர் எனக்கு விளக்கினார்: "ஃப்ரீ கிக்குக்காக விழுந்து நடிக்கிறான், அதுக்குத்தான் ஊளையிடுறோம், கலருக்காக இல்ல." குட்ஸ், லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ மெடலை இரண்டு முறை வாங்கியவர், 372 மேட்ச் ஆடியவர். அத்தனை வருஷம் கண்ணில் படாத நடிப்பு, 2014-ல் ஆஸ்திரேலியன் ஆஃப் த இயர் ஆகி நாட்டு வரலாற்றைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் எப்படி எல்லாருக்கும் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். பேப்பரில் படித்தது வேண்டாம், அது எங்களுக்கும் கிடைக்கும்.

பெர்த் மைனிங்காரன்:

குட்ஸ் ஆடிய ஒரு மேட்சில், பெர்த்தின் சுபியாகோ ஸ்டேடியத்தில் நான் இருந்தேன். 2015 ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை, வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸோடு ஸ்வான்ஸ். வேலையிடத்தில் ஒருவர் கொடுத்த டிக்கெட். ஃபுட்டி விதி எனக்கு அப்போது பாதிதான் தெரியும். அதனால் மேட்சை விட்டுவிட்டுக் கூட்டத்தைத்தான் அதிகம் வேடிக்கை பார்த்தேன்.

குட்ஸ் பந்தைத் தொட்டால் போதும், ஸ்டேடியம் முழுக்க அடித்தொண்டையிலிருந்து ஓர் ஊளை கிளம்பும். பந்து கைமாறியதும் சட்டென்று நின்றுவிடும். அந்த நிறுத்தம்தான் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தில் கத்துகிறவன் அப்படி ஸ்விட்ச் போட்ட மாதிரி நிறுத்த மாட்டான். எங்கள் வரிசைக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன், "ஏன்ப்பா அவரைக் கத்துறோம்?" என்று கேட்டான். அப்பா பீர் கப்பிலிருந்து வாயை எடுக்காமல், எல்லாரும் கத்துறாங்க, நீயும் கத்து என்கிற தொனியில் எதையோ சொன்னார். அந்த ஆள் பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். இடைவேளையில் என் பையைக் கூடப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் அதே அணியில் ஆடிய இன்னொரு பூர்வகுடி வீரர் லூயிஸ் ஜெட்டா ஒரு கோல் போட்டுவிட்டு, குட்ஸுக்கு ஆதரவாகக் கூட்டத்தைப் பார்த்து அதே ஈட்டி பாவனையைக் காட்டினார். சத்தம் இரண்டு மடங்கானது. வீட்டுக்கு வந்து ரீப்ளே போட்டுப் பார்த்தேன். டிவியில் அந்த ஊளை ஏதோ பின்னணி இரைச்சல் போலத்தான் கேட்டது. அதைக் கேட்டு 'இதுக்கா இத்தனை கலாட்டா' என்று ஒருவர் நினைத்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் தெரியும்.

அந்த மேட்சுக்குப் பிறகு குட்ஸ் லீவு எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் சிட்னியில் ரசிகர்கள் அவருடைய 37-ம் நம்பரைத் தூக்கிப் பிடித்தார்கள், மூன்றாவது குவார்ட்டரின் ஏழாவது நிமிஷத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். செப்டம்பரில் ஓய்வு பெற்றுவிட்டார்.

வென்ட்வொர்த்வில் அண்ணை:

தம்பிமார் 2015-ஐப் பேசுகிறீர்கள், நான் 2000-க்குப் போகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து 88-ல் வந்து சேர்ந்தவன் நான்.

ஒலிம்பிக்ஸ் வருஷம். மே 28 அன்று சிட்னி ஹார்பர் பிரிட்ஜில் பூர்வகுடிகளோடு நல்லிணக்க நடை. இரண்டரை லட்சம் பேர் என்றார்கள். பாலத்தைக் கடந்து முடிய மணிக்கணக்கானது. மேலே ஒரு விமானம் வானத்தில் புகையால் 'சாரி' என்று எழுதியது. கீழே நடந்தவர்கள் கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். தாயிடமிருந்து பறித்துக்கொண்டுபோய் வளர்க்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. பிரதமர் ஜான் ஹவார்ட் மாட்டேன் என்று நின்றார். என் மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் கடைசிவரை நடந்தாள்.

செப்டம்பரில் விக்டோரியா பார்க்கில் பூர்வகுடிகள் கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டி, அணையவிடாமல் காத்துக்கொண்டு இருந்தார்கள். ஒலிம்பிக்ஸுக்கு வரும் உலகப் பத்திரிகையாளர்கள் தங்களையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் எண்ணம். வேலை முடிந்து ஒரு பின்னேரம் மகனோடு உள்ளே போனேன். ஒரு கிழவி உட்காரச் சொன்னார். எந்த ஊர் என்றார், சொன்னேன். "திரும்பிப் போவியா?" என்று கேட்டார். வீடு இருந்த இடம் இப்போது ராணுவத்திடம் இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அனுதாப வசனம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தக் கூடாரம் டிவியில் அபூர்வமாகத்தான் வந்தது. பூர்வகுடி ஓட்டக்காரி கேத்தி ஃப்ரீமன் வராத நாளே இல்லை. திறப்பு விழாவில் தீபம் ஏற்றியதும் அவர்தான். செப்டம்பர் 25-ம் திகதி 400 மீட்டர் இறுதி, 49.11 செக்கன். மைதானத்தில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர். நாங்கள் வீட்டில் டிவிக்கு முன்னால் நின்றபடி கத்தினோம். வெறுங்காலோடு, ஆஸ்திரேலியக் கொடி, பூர்வகுடிக் கொடி இரண்டையும் பிடித்துச் சுற்றி வந்தார், நாடே அழுதது. இதே ஃப்ரீமன் 1994-ல் கனடாவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் பூர்வகுடிக் கொடியைத் தூக்கினார். ஆஸ்திரேலிய அணித் தலைமை அதிகாரி ஆர்தர் டன்ஸ்டல் கண்டித்தார். ஃப்ரீமன் 200 மீட்டரிலும் வென்று மறுபடியும் அதே கொடியைத் தூக்கினார். அப்போது அது ஒழுங்கீனம், ஆறு வருஷம் கழித்துத் தேசப் பெருமை.

நிறைவு விழாவில் மிட்நைட் ஆயில் இசைக்குழு 'சாரி' என்று எழுதிய கறுப்பு உடையில் மேடை ஏறியது. ஹவார்ட் பார்த்துக்கொண்டிருந்தார். அரசாங்கத்தின் வாயிலிருந்து அந்த வார்த்தை வர 2008 பிப்ரவரி 13 வரை, கெவின் ரட் பிரதமராகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடிலெய்டு கணக்குப்பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் எதிராகப் பேசுகிறேன், திட்டாதீர்கள். வாரம் முழுக்க உழைத்துவிட்டு மேட்ச் பார்க்கப் போகிறவனை மேட்ச் பார்க்க விட்டால் என்ன? ஸ்டேடியத்தில், ஆபீஸ் மீட்டிங்கில், பிளேனில் என்று எங்கே போனாலும் பூர்வகுடிகளைப் பற்றிய இதே வரவேற்பு அறிவிப்பு. பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஆலோசனைக் குரல் தரலாமா என்று கேட்ட 2023 ரெஃபரண்டத்தில் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றுதானே ஓட்டுப் போட்டார்கள்? குட்ஸுக்கு நடந்தது அநியாயம், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நேற்று வந்த நமக்கு இந்தச் சண்டையில் என்ன வேலை?

பிரிஸ்பேன் நர்ஸ் அக்கா:

தம்பி, திட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் சொல்கிறேன்.

என்னோடு வேலை செய்த பூர்வகுடி அம்மா ஒருவர் 1982-ல் சின்னப் பெண். அந்த வருஷம் பிரிஸ்பேனில் காமன்வெல்த் போட்டி. நில உரிமை கேட்டு மஸ்கிரேவ் பார்க்கில் நாடெங்கிலுமிருந்து வந்து கூடியிருக்கிறார்கள். ஜோ பியெல்கி-பீட்டர்சன் தலைமையிலான குயின்ஸ்லாந்து மாநில அரசு அதற்கென்றே தனிச் சட்டம் போட்டுப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தது, நூற்றுக்கணக்கானோர் கைது. "அம்மா எங்களுக்கு நல்ல சட்டை போட்டுத்தான் கூட்டிப்போவாள், டிவிக்காரன் படம் எடுத்தால் அழுக்காகத் தெரியக் கூடாதுன்னு" என்பார். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

2018-ல் கோல்டு கோஸ்டில் மறுபடியும் காமன்வெல்த். திறப்பு விழாவுக்கு எனக்கு டிக்கெட் இருந்தது. கராரா ஸ்டேடியத்துக்கு வெளியே பூர்வகுடிகள் கொடியோடு நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள், சுற்றிப் போலீஸ். தள்ளுமுள்ளைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தால், மேடையில் புகைச் சடங்கு, டிட்ஜெரிடூ, வரவேற்பு! வெளியே நின்றவர்களும் உள்ளே ஆடியவர்களும் ஒரே மக்கள். அதைச் சேர்த்துக் காட்ட எந்த கேமராவுக்கும் தோன்றவில்லை. நமக்கு என்ன வேலை என்றால், டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அவ்வளவுதான்.

பே 13 பையன்:

நான் இங்கேயே பிறந்தவன், தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2021 பாக்சிங் டே டெஸ்ட், மூன்றாம் நாள் காலை நான் எம்சிஜியில், அதாவது மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இருந்தேன். முதல் டெஸ்ட் ஆடும் ஸ்காட் போலண்ட் 7 ரன்னுக்கு 6 விக்கெட். இங்கிலாந்து 68 ஆல் அவுட். பவுண்டரிப் பக்கம் அவர் வரும்போதெல்லாம் எங்கள் ஸ்டாண்டு முழுக்க அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவர் பூர்வகுடி, ஆட்ட நாயகனாக வாங்கியது முல்லா மெடல். 1868-ல் இங்கிலாந்துக்குப் போன முதல் ஆஸ்திரேலிய அணியில் கேப்டன் சார்ல்ஸ் லாரன்ஸைத் தவிர எல்லாரும் பூர்வகுடிகள்தான். அதன் பெரிய ஆட்டக்காரர் ஜானி முல்லா. மறு வருஷமே விக்டோரியாவில் ஒரு சட்டம் வந்து, பூர்வகுடிகள் எங்கே வசிக்க வேண்டும் என்பதையே அரசு தீர்மானிக்க ஆரம்பித்தது.

எனக்கு போலண்டை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர் அமைதியானவர் என்பதால்தான் இந்த அன்பு சுலபமாகக் கிடைத்ததோ என்ற சந்தேகம் உண்டு. ஏனென்றால் 2019 ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ரக்பி லீக் போட்டியில் லட்ரெல் மிட்செல், கோடி வாக்கர், ஜோஷ் அடோ-கார் போன்ற பூர்வகுடி வீரர்கள் தேசிய கீதத்தைப் பாடாமல் நின்றார்கள். வாயைத் திறக்கவே இல்லை. அதற்கும் 'அவமரியாதை' என்றார்கள். கத்தினாலும் தப்பு, ஆடினாலும் தப்பு, சும்மா நின்றாலும் தப்பு என்றால் எப்படித்தான் எதிர்ப்பைக் காட்டுவது? 2021 ஜனவரி 1 அன்று கீதத்தில் 'இளமையான' என்று இருந்த இடத்தை 'ஒன்றான' என்று அரசே மாற்றியது. அதற்குப் பட்டாசு, ஆரவாரம் எதுவும் இல்லை, விடுமுறை நாள் செய்தியாகப் போய்விட்டது.

அடிலெய்டு கணக்குப்பிள்ளை:

சரி, அக்கா சொன்னதை யோசிக்கிறேன். அறிவிப்புகள் அதிகம் என்பதில் மட்டும் மாறவில்லை. ஒரு சந்தேகம். 2019-ல் லீக்கும் 18 கிளப்புகளும் குட்ஸிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டன. பிறகும் ஏன் அவர் ஒதுங்கியே இருக்கிறார்?

பெர்த் மைனிங்காரன்:

2021-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அழைத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். ஓய்வு பெற்ற வருஷமே கிராண்ட் ஃபைனலில் ஓய்வு பெறுகிறவர்கள் காரில் சுற்றி வரும் மரியாதைக்கும் வரவில்லை. அந்தச் சத்தத்தை ஒரு மதியம் கேட்டவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

நீங்கள் பெர்த் வந்தால் ஆப்டஸ் ஸ்டேடியம் வெளியே பூர்வகுடி ஃபுட்டி வீரர் நிக்கி வின்மார் சிலையைப் பாருங்கள். 1993-ல் காலிங்வுட் மைதானத்தில் நாள் முழுக்க இனவசை கேட்ட பிறகு ஜெர்சியைத் தூக்கித் தன் தோலைச் சுட்டிக் காட்டினாரே, அந்தக் கோலத்தில்தான் நிற்கிறார். 2019-ல் வைத்தார்கள். அவர் மைதானத்தில் அப்படி நின்று 26 வருஷம் கழித்து.

அடிலெய்டு கணக்குப்பிள்ளை:

அடுத்த மாதம் வேலையாக வருகிறேன். மேட்ச் இருந்தால் டிக்கெட் கிடைக்குமா?